ஒரு கம்ப்யூட்டரில் இரண்டு சாமான்காரர்கள்

அவளுக்கு உடும்பு என்று பேர் வைத்தது மாமியார்தான் என்று ஒரு பேச்சு. மாமியாரைக் கேட்டால் மகளைக் கை காட்டுவாள். மகளைக் கேட்டால், "நான் அப்படி எல்லாம் பேசுவேனா?" என்று சொல்லிவிட்டு, உடும்பு செய்த இன்னும் நாலு காரியத்தைச் சேர்த்துச் சொல்வாள். யார் வைத்தால் என்ன, பேர் ஒட்டிக்கொண்டது. பேருக்கு ஏற்ற பிடிதான் அவளுடையது. கல்யாணமாகி வந்த புதிதில் குளியலறைக் குழாய் சொட்டியது. குழாய் வேலைக்காரர் வந்து பார்த்துவிட்டு, சுவரை உடைத்து மொத்தமும் மாற்ற வேண்டும் என்றார். புது மருமகள் ஒரு முழு மதியம் அந்தக் குழாயோடு மல்லுக்கட்டி, உள்ளே மடங்கிக் கிடந்த ஒரு ரப்பர் வளையத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அன்றைக்கு எல்லாருக்கும் சாப்பாடு தாமதம். அதனால் வீட்டில் ஒருத்தரும் அவளைப் பாராட்டவில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு ஸ்வெட்டர் கம்பெனியில் வேலை பார்த்தாள். பத்தாவதோடு படிப்பு நின்றது. நின்ற மறுவாரமே சோதனை மேஜையில் உட்கார்ந்துவிட்டாள். மெஷினிலிருந்து வரும் துணியில் ஏதாவது கண்ணி நழுவியிருக்கிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் பார்க்கிற வேலை. நழுவியிருந்தால் மற்றவர்கள் சரசரவென்று கைப்பகுதி முழுவதையும் பிரித்துப் போட்டுவிடுவார்கள். பிரிப்பது சுலபம், யோசிக்க வேண்டாம். இவள் மட்டும் ஒரு சின்னக் கொக்கியை வைத்துக்கொண்டு, நழுவின கண்ணி எந்த வரிசையில் ஆரம்பித்தது என்று கீழே கீழே போய்ப் பிடித்து, அங்கிருந்து ஏணி ஏறுகிற மாதிரி ஒவ்வொன்றாக மேலே கொண்டுவந்து மாட்டிவிடுவாள். சூப்பர்வைசர் நேரமாகிறது என்று கத்துவார். இவள் தலை நிமிரமாட்டாள். மாத முடிவில் கழிவுக் கூடையை நிறுத்துப் பார்க்கும்போது மட்டும் சூப்பர்வைசர் கத்தமாட்டார்.

அந்தக் கம்பெனி ஒருநாள் வேறு ஊருக்குப் போனது. போகும்போது வேண்டாம் என்று விட்டுப்போன பழைய பின்னல் மெஷின் ஒன்று உடும்பின் வீட்டு முன்னறைக்கு வந்து சேர்ந்தது. அதில்தான் இப்போது அவள் தொழில். அவளும், உடும்பின் புருஷனும், கை காலர் இணைத்துத் தைக்கிற தையல்காரியும். மூன்று பேர், ஒரு மெஷின், சுவரோரம் நூல் கூம்புகள்.

உடும்பின் புருஷனைப் பற்றிச் சொல்லாமல் மேலே போகக் கூடாது. தெருவில் அவருக்கு மூட்டை என்று பேர். லாரி ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவர் என்பதால் வந்த பேர் இல்லை. அவர் எதையும் தூக்கிப் போடமாட்டார். பூட்டு தொலைந்துபோன சாவிகள், குடை இல்லாத குடைப்பிடி, நின்றுபோன கடிகாரத்தின் முள், எல்லாம் மூட்டை கட்டிப் பரணில் இருக்கும். "இருந்துட்டுப் போகட்டும், சோறா கேக்குது?" என்பார். நல்ல மனுஷர். அவர் தலையில் வழுக்கை விழுந்ததுதான் ஆச்சரியம் என்று தையல்காரி சொல்வாள். முடியை மட்டும் எப்படிப் போகவிட்டார் என்று அவளுக்குப் புரியவில்லை.

இந்தக் கதையில் வருகிற வியாதியும் ஒரு வகையில் மூட்டை வியாதிதான். அது மெதுவாகத்தான் தெரியவந்தது.

மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் உண்டு. அதில் ஒரு டிசைன் புரோகிராம். படத்தைக் கொடுத்தால், எந்த வரிசையில் எந்த ஊசி எழும்ப வேண்டும் என்று கணக்குப் போட்டு மெஷினுக்குச் சொல்லும். இந்த மாதிரிப் பழைய மெஷின் வைத்திருப்பவர்களுக்காக முகம் தெரியாத யாரோ ஒரு புண்ணியவான் எழுதி இனாமாகக் கொடுத்தது. பிறகு அவருக்கு அலுத்துவிட்டதோ என்னவோ, இன்டர்நெட்டில் அவருடைய பக்கமே காணாமல் போனது. இவர்கள் கம்ப்யூட்டரில் இருக்கிற பிரதிதான் இவர்களுக்கு மிச்சம். அது போனால் மெஷின் வெறும் இரும்பு.

அந்தப் புரோகிராம் தனியாக ஓடாது. படத்தைப் படிக்க ஒரு துண்டு, கணக்குப் போட ஒரு துண்டு, மெஷினோடு பேச ஒரு துண்டு என்று அதற்குக் கூட்டாளிகள் பலர். இந்தத் துண்டுகளை எல்லாம் இன்டர்நெட்டிலிருந்து வரவழைத்து, எதற்கு எது வேண்டும் என்று பார்த்து, அதனதன் இடத்தில் வைக்க ஒரு தனி ஆள் கம்ப்யூட்டருக்குள் உண்டு. படித்தவர்கள் அதை பேக்கேஜ் மேனேஜர் என்பார்கள். உடும்பு அதற்குச் சாமான்காரன் என்று பேர் வைத்தாள். சாமான் கேட்டால் கொண்டுவந்து அடுக்குகிறவன் வேறு யார்?

ஒரு திங்கட்கிழமை காலையில் டிசைன் புரோகிராம் திறக்கவில்லை. படம் படிக்கிற துண்டு இருக்கிறது, ஆனால் அது இந்தக் கம்ப்யூட்டருக்கு ஆன வகை இல்லை என்று திரையில் சிவப்பாக ஏதோ எழுதியது.

நல்ல நேரம் பார்த்துத்தான் நின்றது. நர்ஸ் விடுதிக்கு ஸ்வெட்டர் பின்ன ஒப்புக்கொண்டிருந்தார்கள். நெஞ்சில் விளக்குச் சின்னம் வர வேண்டும். மாதிரி ஸ்வெட்டரைப் பார்க்க விடுதி வார்டன் சனிக்கிழமை வருவதாக ஏற்பாடு. மாதிரி இல்லையென்றால் வேலை வேறு இடத்துக்குப் போய்விடும்.

வீட்டு மாடியில் அவர்களோடு கொழுந்தனும் குடியிருந்தான். ஏதோ ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை. கெட்டிக்காரன், உதவி என்றால் ஓடி வருவான். ஆனால் புதிதாகக் கார் வாங்கியதிலிருந்து முன்னறை மேல் அவனுக்கு ஒரு கண். கார் வெயிலில் காய்கிறது. வந்தவன் திரையைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், மறுபடி திரையைப் பார்த்தான்.

"அண்ணி, மொத்தமா அழிச்சுட்டுப் புதுசாப் போட்டுடலாம். சனிக்கிழமை எனக்கு லீவு. உக்காந்தா முடிஞ்சுடும்."

அழித்தால் அந்தப் புரோகிராம் மறுபடி எங்கிருந்து வரும் என்று அவள் கேட்டாள். நகல் எடுத்து வைக்கலாம், ஆனால் அதோடு ஒத்துப்போகிற பழைய துண்டுகள் இப்போது கிடைக்குமா என்பது சந்தேகம்தான் என்று அவன் ஒளிக்காமல் சொன்னான். கிடைக்காவிட்டால் இந்த மெஷினை எடைக்குப் போட்டுவிட்டு அண்ணி கொஞ்சம் ஓய்வெடுக்கலாமே என்றும் சொன்னான். பேசிக்கொண்டே பாக்கெட்டிலிருந்து இரும்பு டேப்பை எடுத்து அறையின் அகலத்தை அளந்தான். அளக்கிறவன் கொஞ்சம் மறைவாகவாவது அளந்திருக்கலாம்.

உடும்பு டேப்பைப் பார்த்தாள்.

"ஒரு கண்ணி நழுவினதுக்கு யாராவது முழு ஸ்வெட்டரையும் பிரிப்பாங்களா தம்பி? எங்க நழுவிச்சுனு நான் பாத்துக்கறேன். சனிக்கிழமை வரைக்கும் யாரும் இதுல கை வைக்கக் கூடாது."

சரி என்று கொழுந்தன் ஒப்புக்கொண்டான். சனிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் அழித்துவிடுவது, அறையைப் பற்றியும் அன்றைக்கே பேசிவிடுவது என்று பேச்சு முடிந்தது. போகும்போது ஒரு நல்ல காரியமும் செய்தான். சாமான்காரனிடம் டாக்டர் என்று ஒரு கட்டளை கொடுத்தால், தன் வீட்டில் என்னென்ன கோளாறு என்று அவனே பார்த்துச் சொல்வான் என்று காட்டிக்கொடுத்தான்.

அன்று மதியம் அவள் டாக்டரைக் கூப்பிட்டாள். டாக்டர் வாயைத் திறந்தார், மூடவில்லை. அந்த ஃபோல்டரில் எழுத அனுமதி இல்லை, இந்தத் துண்டு பழசு, அந்தத் துண்டு யாரோடும் இணைக்கப்படவில்லை, இது ஏன் இங்கே கிடக்கிறது என்று பக்கம் பக்கமாகப் புலம்பினார். எல்லாவற்றுக்கும் மேலே, எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தால் இதைப் பற்றி எல்லாம் கவலைப்பட வேண்டாம் என்று ஒரு வரி. மூட்டை அந்த ஒரு வரியை மட்டும் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, கவலைப்பட வேண்டாமாம், டாக்டரே சொல்லிவிட்டார் என்று டீ போடப் போனார்.

உடும்பு போகவில்லை. டாக்டர் புலம்புவது எல்லாம் வியாதி இல்லை, மாமியார் புலம்புகிற மாதிரி பாதி பழக்கதோஷம் என்பது கொஞ்ச நேரத்திலேயே அவளுக்குப் பிடிபட்டது. ஒவ்வொரு வரியாக எடுத்து, தெரியாத வார்த்தையைத் தேடிப் படித்து, இதனால்தான் புரோகிராம் நின்றதா என்று கேட்டுப் பார்த்து, இல்லையென்றால் தள்ளி வைத்தாள். செவ்வாய்க்கிழமையும் அதுதான் வேலை. தையல்காரி பொழுது போகாமல் பழைய ஸ்வெட்டர்களுக்குப் பொத்தான் மாற்றிக்கொண்டே, பக்கத்துத் தெரு பேக்கரிக்காரருக்கு வந்த புது சம்பந்தத்தைப் பற்றி விலாவாரியாகச் சொன்னாள். மாப்பிள்ளை வீட்டில் முதல் சம்சாரமும் இருக்கிறாளாம், இரண்டாவதும் இருக்கிறாளாம், வாசலில் நின்று கூப்பிட்டால் இரண்டு பேரும் வருவார்களாம்.

உடும்பு அப்போது ஒரு வரியில் நின்றிருந்தாள். தேடுகிற வரிசையில் பழைய இடம் முதலில் வருகிறது என்று டாக்டர் அதில் சொல்லியிருந்தார். பழைய இடம் என்றால்? புது இடம் என்று ஒன்று இருந்தால்தானே பழைய இடம்?

பார்த்தால், கம்ப்யூட்டருக்குள் சாமான்காரர்கள் இரண்டு பேர்.

நடந்தது இதுதான். போன வருஷம் பழைய கம்ப்யூட்டர் செத்துப்போனது. புதிது வாங்கியபோது மூட்டை தன் குணப்படி, செத்ததின் டிஸ்கைக் கழற்றி, அதில் இருந்ததை ஒன்றுவிடாமல் வழித்துப் புதியதில் கொட்டினார். அதில் பழைய சாமான்காரனும் குடும்பத்தோடு வந்து இறங்கினான். புதுக் கம்ப்யூட்டரின் மூளை வேறு வகை. அதற்கென்று ஒரு புதுச் சாமான்காரனை வேறு இடத்தில் குடிவைத்தது கொழுந்தன். பழையவனைக் காலி பண்ணு என்று யாரும் சொல்லவில்லை. ஒரு உறையில் இரண்டு கத்தி. சில மாதம் முட்டாமல் மோதாமல் இருந்தார்கள். போன ஞாயிற்றுக்கிழமை உடும்பே ஒரு துண்டைப் புதியவனிடம் சொல்லிப் புதுப்பித்தாள். அன்றிலிருந்து டிசைன் புரோகிராமுக்குத் தலை புது வீட்டில், கால் பழைய வீட்டில். படம் படிக்கிற துண்டைக் கேட்டால் வரிசையில் முதலில் நிற்கிற பழையவன் ஓடி வந்து, செத்துப்போன கம்ப்யூட்டருக்கு ஏற்ற துண்டை நீட்டுகிறான். புதிய தலை அதை வாங்கிக்கொள்ளவில்லை.

மருந்து ஒரு வரிதான். கம்ப்யூட்டர் எந்த வீட்டில் முதலில் தேட வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிற ஒரு ஃபைலில், வரிசையை மாற்றிப் புதியவனை முன்னால் நிறுத்தினாள். படம் படிக்கிற துண்டைப் புதியவனிடமே மறுபடி கேட்டு வாங்கினாள். டிசைன் புரோகிராம் ஒரு முனகலும் இல்லாமல் திறந்தது. தையல்காரி கை தட்டினாள். உடும்பு மெஷினுக்கு எண்ணெய் போட்டு மூடிவிட்டு, நாளைக்குச் சின்னம் பின்னலாம் என்று நிம்மதியாக மாடிப்படி ஏறினாள்.

புதன்கிழமை காலையில் அதே சிவப்பு.

தான்தான் சேமிக்காமல் மூடிவிட்டோமோ என்று அவளுக்கு முதலில் தன் மேலேயே சந்தேகம். ஃபைலைத் திறந்தால் வரி பழைய வரிசையில் இருந்தது. மறுபடி மாற்றினாள். இந்தத் தடவை கோபத்தில், பழைய சாமான்காரனையே அவன் ஃபோல்டரோடு தூக்கிக் கொல்லைப்புறம் மாதிரி ஒரு மூலையில் போட்டாள். புரோகிராம் ஓடியது. விளக்குச் சின்னத்தை வரைந்து முடித்தாள். வியாழக்கிழமை காலையில் வந்தால், பழையவன் தன் பழைய இடத்தில், பெட்டி படுக்கையோடு, வரிசையில் முதல் ஆளாக நிற்கிறான். நல்லவேளை, டிசைன்கள் வேறு ஃபோல்டரில் இருந்ததால் சின்னம் தப்பித்தது.

தையல்காரிக்கு இது பில்லி சூனியம் என்று சந்தேகமே இல்லை. கார்க்காரர் வேலையாகத்தான் இருக்கும் என்று குரலைத் தாழ்த்தி இன்னொரு வழியும் சொல்லி வைத்தாள். ராத்திரி இறங்கி வந்து ஏதாவது செய்கிறாரோ என்னவோ, அறையை அளந்த கை சும்மா இருக்குமா? உடும்புக்கும் மனசுக்குள் அந்த எறும்பு ஊர்ந்துகொண்டுதான் இருந்தது. மனசில் வைத்துப் புழுங்குகிற ரகம் இல்லை அவள். மதியம் கொழுந்தன் சாப்பிட வந்தபோது மாடிப்படியிலேயே மறித்தாள்.

"தம்பி, ஒளிக்காம சொல்லுங்க. நீங்க இதுல கை வெச்சீங்களா?"

கொழுந்தனுக்கு முகம் சிவந்துவிட்டது. அறை வேண்டும் என்பது உண்மை, அதற்காக அண்ணி பிழைப்பைக் கெடுக்கிற ஆள் தான் இல்லை என்றான். சாப்பிடாமலே இறங்கி வந்து ஃபைலைப் பார்த்தான். ரொம்ப நேரம் தாடையைத் தடவினான்.

"இது தானா மாறாது அண்ணி. யாரோ கை வைக்கறாங்க. ஃபைல் எப்ப மாறிச்சுனு அதுலயே இருக்கும், பாருங்க."

பார்த்தார்கள். விடிந்து, அவள் இறங்கி வருவதற்குச் சற்று முன்னால். புதனும் அப்படி, வியாழனும் அப்படி. அந்த நேரத்தில் கொழுந்தன் தூக்கத்தில் இருப்பான் என்பது அவன் குறட்டை கேட்கிற வீடு முழுவதற்கும் தெரியும். பேசியது தப்பு தம்பி என்று அவள் சொன்னாள். பரவாயில்லை, சாப்பாடு ஆறியது ஒன்றுதான் வருத்தம் என்று அவன் மேலே போனான்.

அன்று சாயங்காலமும் பழையபடி எல்லாவற்றையும் சரி பண்ணி வைத்தாள். வெள்ளிக்கிழமை விடிகிற நேரத்துக்கு எழுந்து, செருப்புப் போடாமல் உள்வழியாக இறங்கி, நூல் கூம்பு அடுக்குக்குப் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

ஷட்டர் தூக்குகிற சத்தம் கேட்டது. மூட்டை உள்ளே வந்தார். விளக்கைப் போட்டார். மெஷினைத் துணியால் துடைத்தார். ஜன்னலைத் திறந்தார். கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு, சட்டைப் பாக்கெட்டிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்துச் செருகி, அதிலிருந்த ஃபோல்டர்களை ஒவ்வொன்றாக இழுத்துக் கம்ப்யூட்டருக்குள் போட்டார். மாற்றட்டுமா என்று அது கேட்கக் கேட்க, ஆமாம், ஆமாம் என்று அமுக்கினார். செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர் முகம் மாதிரி இருந்தது அவர் முகம்.

"என்னங்க பண்றீங்க?"

அவர் திடுக்கிட்டு எழுந்ததில் நாற்காலி சாய்ந்தது.

"ஒண்ணுமில்லம்மா. தெனமும் பண்றதுதான்."

"தெனமுமா?"

"பழைய கம்ப்யூட்டர் போனப்ப நீ சாப்பிடாமக் கெடந்தியே. டிசைன் எல்லாம் போச்சுனு சுவத்தப் பாத்துப் படுத்திருந்த. அப்பதான் தம்பிகிட்ட கேட்டேன். நல்லா ஓடற நாள்ல ஒரு நகல் எடுத்து வெச்சுக்கோ, ஏதாவது ஆச்சுனா அதை இழுத்துப் போட்டா பழையபடி ஆயிடும்னான். எதுக்கு ஆகிற வரைக்கும் காத்திருக்கணும்? தெனமும் போட்டுட்டா ஒண்ணுமே ஆகாதுல்ல?"

பென் டிரைவில் ஒரு துண்டுத் தாள் ஒட்டியிருந்தது. அவர் கையெழுத்தில், நல்ல நாள். புதுக் கம்ப்யூட்டர் வந்த வாரம் எடுத்த நகல். அதில் பழைய சாமான்காரன் வீடும் வரிசை எழுதின ஃபைலும் இருந்தன, புதியவன் வீடு இல்லை. இத்தனை மாதம் உள்ளே எதுவும் மாறாததால், போட்டதையே போட்டும் ஒன்றும் கெடவில்லை. இந்த வாரம்தான் அவள் ஒரு நாளைக்குச் சரி பண்ண, அவர் மறுநாள் காலையில் அக்கறையாக அதைப் பழையபடி ஆக்கிக்கொண்டிருந்தார்.

"பழையபடிதாங்க ஆகுது. அதான் வியாதி" என்றாள் அவள்.

பிறகு அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னாள். கத்தவில்லை. அது தையல்காரிக்கு இன்றுவரை ஆச்சரியம். அவளாக இருந்தால் பென் டிரைவோடு புருஷனையும் சேர்த்து வெளியே வீசியிருப்பாளாம். மூட்டை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, உள்ளங்கையில் இருந்ததைப் பார்த்தபடியே இருந்தார்.

"இதைத் தூக்கிப் போட்டுடணுமா?"

"வேணாம். பேரை மட்டும் மாத்துங்க."

அவர் பேனாவை எடுத்து, நல்ல நாள் என்பதற்கு முன்னால் பழைய என்று எழுதி, பரணில் சாவி மூட்டையோடு சேர்த்து வைத்தார். அவள் பழைய சாமான்காரனிடம் என்னென்ன இருக்கிறது என்று பார்த்து, தேவைப்பட்டதை மட்டும் புதியவனிடம் கேட்டு வாங்கிவிட்டு, இந்தத் தடவை பழையவனை ஒரேயடியாக வழியனுப்பினாள். டாக்டரைக் கூப்பிட்டாள். அவர் இப்போது இரண்டே வரி பேசினார். டிசைன் புரோகிராம் திறந்தது. உடனே ஒரு புதுப் பென் டிரைவில் நகல் எடுத்தது மூட்டைதான். அதை அவர் கையாலேயே செய்யச் சொன்னாள். இனி மெஷின் நின்றால் மட்டும் போட வேண்டும், அதுவும் அவளைக் கேட்டுவிட்டு. அவர் தலையாட்டினார். ஒரு வேலை போய்விட்டதே என்று சாயங்காலம் வரை கொஞ்சம் சுரத்தில்லாமல்தான் இருந்தார்.

சனிக்கிழமை காலையில் அவர் ஷட்டரைத் தூக்கினார், துடைத்தார், ஜன்னல் திறந்தார். பாக்கெட்டுக்குக் கை போனது, திரும்பி வந்தது. அவள் கம்ப்யூட்டரைப் போட்டாள். சிவப்பு இல்லை. ஊசிகள் எழும்பத் தொடங்கின. வரிசை வரிசையாக விளக்கின் அடித்தட்டு வந்தது, பிறகு தண்டு, பிறகு சுடர். தையல்காரி கையையும் காலரையும் இணைத்துக்கொண்டிருக்கும்போதே கொழுந்தன் லீவு உடையில் வந்து சேர்ந்தான். டேப்பும் பாக்கெட்டில் இருந்தது. மெஷின் ஓடுவதைப் பார்த்ததும் அழிக்கிற பேச்சை எடுக்கவில்லை. ஒரு தடவை டாக்டரைத் தானும் கேட்டுப் பார்க்கிறேன் என்று உட்கார்ந்தான். மிச்சமிருந்த இரண்டு வரியில் ஒன்று சும்மா புலம்பல், இன்னொன்றை விட்டுவைத்தால் அடுத்த வருஷம் தொல்லை தரும் என்றான். அவள் யோசித்துப் பார்த்து, ஆமாம், அதை நான் கவனிக்கவில்லை, சரி பண்ணுங்கள் என்று இடம் விட்டாள். அவன் சரி பண்ணினான்.

வார்டன் வந்தார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு சின்னத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார், துணியை உள்பக்கம் திருப்பிப் பார்த்தார், தன் கையில் மாட்டிப் பார்த்தார். விளக்குக்குக் குறை ஒன்றும் சொல்லவில்லை. கை மட்டும் கொஞ்சம் நீளம், வேலை செய்யும்போது நனைந்துவிடும், எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள் என்றார்.

தையல்காரி தன் டேப்பைத் தேடினாள். துணிக் குவியலுக்கு அடியில் எங்கோ போயிருந்தது. உடும்பு திரும்பி, சுவரோரம் நின்ற கொழுந்தனிடம் கையை நீட்டினாள்.

"தம்பி, உங்க டேப்பைக் குடுங்க. அளக்கணும்."

அவன் ஒரு நொடி அறையின் அகலத்தைப் பார்த்தான். பிறகு பாக்கெட்டிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, ஸ்வெட்டரின் மறுமுனையைத் தானே இழுத்துப் பிடித்தான்.